விளிம்புச் சிவப்பு

அத்தியாயம் 11

சோபாவில்தான் அது பிடிபட்டது.

அந்தச் சோபாவில் யாரும் உட்கார்ந்ததில்லை. அப்படி ஒரு சோபாவே கிடையாது. மரச்சாமான் கம்பெனி அதை இன்னும் செய்யவே ஆரம்பிக்கவில்லை; அதற்குள் விளம்பரப் படம் வேண்டும் என்று நின்றது. சின்னவளின் வேலை அதுதான். இல்லாத சோபாவை, இல்லாத அறையில், இல்லாத ஜன்னல் வெளிச்சத்தில் கணினிக்குள் கட்டிப் படமாக வடித்தெடுப்பாள்.

வடித்த படம் அப்பழுக்கில்லாமல் வரும். அதுவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிஜக் கேமராவில் எடுத்தால் தூரத்து விளக்கு மங்கி வட்டமாக விரியும். ஓரங்களில் சிவப்பும் நீலமும் மயிரிழை அளவுக்குப் பிரிந்து கசியும். எல்லாம் லென்ஸின் குறைகள். அந்தக் குறைகளைக் கணக்குப் போட்டுப் படத்தின் மேல் பூசினால்தான் பார்க்கிறவன் நம்புவான்.

"ஊர்ல எல்லாரும் தெளிவா எடுக்கத்தான் கேமரா வாங்கறான். என் தங்கச்சி சம்பளம் வாங்கிட்டு மங்கலாக்கறா," என்று அண்ணன் பேருந்து டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. 'மங்கல்' என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை அவள் பூசாத படத்தையும் பூசிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினாள். அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்கா சம்பளம்?" என்றான். வீடே சிரித்தது. அண்ணி மட்டும் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

இன்று காலை அந்தச் சோபாவுக்குப் பின்னால், ஜன்னலில், குட்டி விளக்குச் சரம் ஒன்று வேண்டியிருந்தது. சின்னவள் விளக்குகளை எரியவிட்டு லென்ஸ் மங்கலைப் பூசினாள். விளக்குகள் பூக்கவில்லை. சுண்ணாம்புத் துளி காய்ந்த மாதிரி சாம்பல் பொட்டுகளாக நின்றன.

எங்கேயோ இடிக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பார்த்தாள். திரையில் படிகள் எல்லாம் கம்பியால் கோத்த பெட்டிகள் மாதிரி வரிசையாக இருக்கும். அதில் ஒரு பெட்டி, அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தை வெட்டி வெள்ளையாக்கிவிடும். கேமராவுக்குள் அது கடைசியில் நடக்க வேண்டியது. வெளிச்சம் முதலில் லென்ஸைக் கடந்து உள்ளே விழ வேண்டும். விழுந்த பிறகுதான் மிஞ்சியது வெட்டுப்படும். இங்கே வெட்டும் பெட்டி லென்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

அரைப்பதற்கு முன்பே சலித்து வைத்திருக்கிறாள்.

இரண்டையும் இடம் மாற்றினாள். ஜன்னலில் விளக்குச் சரம் பொலபொலவென்று பூத்தது. சந்தோஷப்பட வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தப் படி வரிசை சோபாவுக்காகக் கட்டியது இல்லை. அண்ணனுக்காகச் செய்த படத்திலிருந்து நகல் எடுத்தது.

வாராவாரம் கூடவே வருபவர்களுக்கு அந்தப் படம் மறந்திருக்காது. மழை பெய்த ஒரு சாயங்காலம், அண்ணன் ஓட்டிய பேருந்து நாற்சந்தியில் ஒரு ஸ்கூட்டர் மேல் மோதியது. அதில் வந்த மழலைப் பள்ளி டீச்சர் இடுப்பு எலும்பு உடைந்து இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தனக்குப் பச்சை விழுந்தது என்கிறாள் அவள். தனக்குத்தான் பச்சை என்கிறான் அண்ணன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பச்சை விழாது. சந்தியில் மாட்டியிருந்த கேமரா, வேண்டியபோது வேலை செய்யாத ஜாதி.

மிஞ்சிய ஒரே சாட்சி ஒரு புகைப்படம். பேருந்தின் முன் சீட்டில் இருந்த பயணி ஒருவர், மோதலுக்குக் கொஞ்சம் முன்னால், தன் குழந்தையை நல்ல கேமராவில் எடுத்தது. குழந்தை முகம் துல்லியம். அதன் பின்னால், முன்கண்ணாடிக்கு அப்பால், சிக்னல் விளக்கு மங்கி ஒரு தட்டு அளவுக்கு வெள்ளை வட்டமாக விரிந்திருந்தது. வட்டத்தின் ஒரு பாதி குழந்தையின் தலைக்குப் பின்னால் போய்விட்டது. சிக்னல் பெட்டி மழையிருட்டில் கரைந்துவிட்டது. எரிவது மேல் விளக்கா கீழ் விளக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிகிற பாதி வட்டத்தின் விளிம்பில் மெல்லிய சிவப்புப் பிறை ஒன்று.

சிவப்பு என்றது டிப்போ. அது லென்ஸின் கசிவு, எந்தப் பளீர் விளக்கின் ஓரத்திலும் வரும் என்றாள் சின்னவள். சொன்னதோடு விடவில்லை. அதே மாடல் கேமராவை இரவல் வாங்கி, அதன் குறைகளை அளந்து, அதே சந்தியையும் அதே மழையையும் கணினிக்குள் கட்டினாள். பச்சை விளக்கைப் போட்டாள். பச்சை, வெள்ளை வட்டமாக விரிந்தது. ஓரத்தில் சிவப்புப் பிறை விழுந்தது. அச்சு அசல்.

அந்தப் படம் வந்த பிறகுதான் வீட்டில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. ஓட்டுநர் சங்கச் செயலாளர் அதைப் பெரிதாக அச்செடுத்துக் குழாய் ஒன்றில் சுருட்டி வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் விஞ்ஞானம் பேசினார். இன்று பிற்பகல் டிப்போ விசாரணை. அது தீர்ந்தால் அண்ணனுக்கு வண்டி திரும்பக் கிடைக்கும். தீராவிட்டால் வேலை போகும். அதன் பிறகு போலீஸ், கோர்ட், சிறை.

சின்னவள் சோபாவை மூடினாள். சந்தியைத் திறந்தாள்.

வெட்டும் பெட்டியைப் பின்னால் தள்ளி, லென்ஸை முன்னால் வைத்து, பச்சை விளக்கை எரியவிட்டாள். வட்டம் விரிந்தது. நடுவே வெளிச்சம் கேமராவின் கண்ணைக் கூசவைத்து வெள்ளையாகிவிட்டது. ஓரத்தில், வெளிச்சம் மெலிகிற இடத்தில், விளக்கின் சொந்த நிறம் தெரிந்தது.

பச்சை.

சிவப்புப் பிறை எங்கும் இல்லை.

லென்ஸின் குறைகளைக் கூட்டிப் பார்த்தாள். குறைத்துப் பார்த்தாள். முன்கண்ணாடியில் மழைத்துளி ஒன்றை ஒட்டினாள். குழந்தையை அரை முழம் நகர்த்தினாள். விளிம்பு பச்சையாகவே இருந்தது. மஞ்சளைப் போட்டால் விளிம்பு மஞ்சளாயிற்று. முதலில் எப்படிச் சிவப்பு வந்தது என்பதற்கு அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முன்கூட்டியே வெட்டியதால் பச்சை விளக்கு வெள்ளை விளக்காகிவிட்டது. வெள்ளைக்குள் எல்லா நிறமும் உண்டு. பிரித்தால் சிவப்பும் வரும். அசல் பச்சை விளக்கில் சிவப்பே கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கடைசியில் சிவப்பு விளக்கைப் போட்டாள். போடாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளை வட்டம். ஓரத்தில் சிவப்புப் பிறை. பிறையின் உட்புறம் மெல்ல மெல்ல ரோஜா நிறமாகி வெள்ளையில் கலந்தது. அவளுடைய பழைய படத்தில் அந்தக் கலப்பு இல்லை. கோடு கிழித்தாற்போல் நின்றது. அப்போதே அது கண்ணில் பட்டது. அச்சில் எடுபடாது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆசைப்பட்டவள் கண்ணுக்கு அது போதுமாக இருந்தது.

நாற்காலியில் சாய்ந்தாள். கூரையைப் பார்த்தாள். டிப்போவில் ஒருவருக்கும் இது தெரியாது. கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு ஒரு பேருந்து ஓட்டுநரின் விசாரணையைப் பற்றி என்ன அக்கறை? படத்தை மூடிவிட்டுச் சோபாவுக்குத் திரும்பினால் யாரும் கேட்கப்போவதில்லை.

மூடினாள். சோபாவைத் திறந்தாள். விளக்குச் சரம் பூத்துக் குலுங்கியது.

அண்ணனைப் போனில் அழைத்தாள். அணைத்து வைத்திருந்தான். அண்ணியின் போனுக்கு அழைத்ததும் அண்ணி எடுத்தாள். டிப்போவுக்குக் கிளம்பிவிட்டதாகவும், படத்தை விளக்கிச் சொல்லச் சின்னவளையும் உள்ளே கூப்பிடுவார்கள் என்று செயலாளர் சொன்னதாகவும், நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு சீக்கிரம் வரும்படியும் சொன்னாள். பல நாள் கழித்து அண்ணியின் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. சின்னவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

பையை எடுத்ததும் ஸ்டுடியோ முதலாளியம்மா வாசலில் மறித்தாள். சோபாவை மாலைக்குள் அனுப்பாவிட்டால் கம்பெனிக்காரன் தன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான் என்றாள்.

"அவங்களே இன்னும் செய்யலையே மேடம். எங்க போயிடப்போகுது?" என்று சொல்லிவிட்டு இறங்கினாள் சின்னவள். அவள் எதிர்த்துப் பேசி முதலாளியம்மா கேட்டது அதுதான் முதல் தடவை.

பேருந்தில் முன் சீட்டு காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். இந்த மாதிரி முன் சீட்டில்தான் அண்ணி கொஞ்ச காலமாகத் தினமும் வந்துகொண்டிருந்தாள். சாயங்காலமானால் அண்ணன் ஓட்டும் கடைசி நடைக்குப் போய் ஏறிக்கொள்வாள். ஓட்டுநருக்குப் பின்னால் சன்னக் குரலில் விடாமல் ஏதோ பேசிக்கொண்டே வருவாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் பேசித் தீரவில்லையா என்று நடத்துனர் கேலி பண்ணுவார். அண்ணன் சிரிப்பான், அண்ணி சிரிக்கமாட்டாள்.

விபத்தன்று அண்ணி அந்தச் சீட்டில் இல்லை. சின்னவளோடு செருப்புக் கடைக்குப் போயிருந்தாள். நல்லவேளை என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அந்த இடத்தில்தான் குழந்தையோடு அந்தப் பயணி உட்கார்ந்தார்.

சந்தியில் வண்டி நின்றது. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். சிக்னல் சிவப்பாக, வட்டமாக, தெள்ளத் தெளிவாக எரிந்தது. இதைப் பார்க்காமல் ஒருவன் எப்படி வண்டியை எடுக்க முடியும்? அண்ணன் வண்டி ஓட்டுவதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், தண்ணீர் டம்ளரை வைத்தாலும் தளும்பாது என்று. அவன் பொய் சொல்கிறான் என்றும் நம்ப முடியவில்லை. லென்ஸ் பொய் சொல்கிறது என்றும் இனிமேல் நம்ப முடியாது.

டிப்போ மாடியில் நீளமான நடை. ஒரே ஒரு பெஞ்சு. அண்ணன் சலவை மடிப்புக் கலையாத சீருடையில் உட்கார்ந்திருந்தான். மார்பில் ஓட்டுநர் பேட்ஜைக் குத்தும் இடத்தில் இரண்டு ஊசி ஓட்டைகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் அண்ணி, படக் குழாயை மடியில் கிடத்திப் பச்சைப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். கதவருகே செயலாளர் யாரிடமோ போனில் வெற்றியை முன்கூட்டியே அறிவித்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நடையின் கோடிக்குப் போனாள். குழாயடியில் ஒரு ஆள் முகம் கழுவிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் போடும் நீல உடுப்பு, இடுப்பில் திருப்புளி. அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அந்தப் படம் போட்டது நீங்கதானே?"

டீச்சரின் கணவன். சின்னவள் தலையசைத்தாள்.

"சண்டை போட வரலைங்க. ஒண்ணு கேக்கணும். இங்க எனக்கும் ஒரு பிரதி குடுத்தாங்க. நான் கூறுகெட்டவன், அதைக் கொண்டுபோய் அவகிட்டயே காட்டிட்டேன்." கைக்குட்டையைப் பிழிந்தான். "அதுவரைக்கும் எனக்குப் பச்சைன்னு அடிச்சுச் சொன்னவ. இப்ப முழிச்சா தூங்கினா அதே பேச்சு. நாந்தான் சிவப்புல வந்தேனா, நாந்தான் சிவப்புல வந்தேனான்னு. நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு இந்தப் படக் கணக்கெல்லாம் புரியாது. நீங்க சொல்லுங்க. அது உண்மைதானா?"

சின்னவள் டம்ளரை வாயில் வைத்தாள். குடிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, வரேன் என்று மட்டும் சொல்லி நகர்ந்தாள். அவன் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்பது முதுகில் தெரிந்தது.

அண்ணனைத் தோளில் தொட்டு மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தவள், படி வரிசை, வெட்டும் பெட்டி, வெள்ளைக்குள் இருக்கும் நிறங்கள் என்று எங்கெங்கோ சுற்றினாள். அண்ணன் குறுக்கே பேசவில்லை. கைப்பிடிச் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"சுருக்கமா சொல்லு, மங்கல்."

"நான் பண்ணது தப்புண்ணா. பச்சைக்கு அந்தச் சிவப்பு வராது. எப்படிப் போட்டாலும் வராது."

"அப்ப அது சிவப்பு."

"சிவப்பு."

கீழே ஒரு பேருந்து பின்னால் எடுக்கும் ஓசை கேட்டது. அண்ணன் திரும்பாமலே, "பிரேக் ஒரு பக்கம் இழுக்குது," என்றான். பிறகுதான் தங்கை பக்கம் திரும்பினான்.

"நீ அந்தப் படத்தைக் காட்டின அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். தெரியுமா? அதுக்கு முன்னாடி எனக்கே சந்தேகம். நீ போட்டுக் காட்டினதும் பச்சையைப் பாத்த மாதிரியே ஞாபகம் வந்துடுச்சு."

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தப் படம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் தலைக்குள் புகுந்து வேலை செய்திருக்கிறது. இங்கே ஒருவனுக்கு இல்லாத பச்சையைக் கொடுத்து, அங்கே ஒருத்தியிடமிருந்து இருந்த பச்சையைப் பிடுங்கி.

"ஒண்ணு கேக்கறேன்," என்றான் அண்ணன். "இந்த வளையம், விளக்கைச் சுத்தி கலர் கலரா... கேமராவுக்கு மட்டும்தானா? மனுஷன் கண்ணுக்கும் அப்படித் தெரியுமா?"

அவள் மனம் வேறெங்கோ இருந்தது. "நல்ல கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா கண்ணுல கோளாறுன்னு அர்த்தம்."

"ஓ," என்றான் அண்ணன்.

அண்ணி எப்போது வந்து மேல்படியில் நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, சின்னவளின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"இதை உன்னைத் தவிர யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

சின்னவள் குழாயைப் பார்த்தாள்.

"மாட்டாங்க. அப்ப நீ வாயைத் திறக்காம இருந்தா போதும். கேட்டா ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்தை. உன்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல."

அது உண்மை. அண்ணி வாய் திறந்து எதையும் கேட்டவள் இல்லை.

"அந்த டீச்சர், அண்ணி..."

"அவங்க எலும்பு கூடிடும். இவருக்கு வண்டி போனா என்ன கூடும்? ஸ்டியரிங் பிடிக்காத கையை இவர் எங்க வெச்சுக்குவார்? வீட்டுல உக்காந்திருக்கிற இந்தக் கொஞ்ச நாள்ல பாத்தல்ல, சாப்பாட்டுத் தட்டைக்கூட ரெண்டு கையால பிடிச்சுத் திருப்பிட்டு இருக்கார்." அண்ணியின் உதடு கோணிக்கொண்டது. "கால்ல விழணுமா? விழறேன்."

நிஜமாகவே குனிந்தாள். அண்ணன் தாவி அவள் தோளைப் பிடித்தான். மூன்று பேரும் அந்தக் குறுகலான படியில், பிடித்தவர் பிடித்தபடி நின்றார்கள். மேலே செயலாளர் கூப்பிட்டார். உள்ளே வரச் சொல்கிறார்களாம்.

விசாரணை அறை சின்னது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. காலையிலிருந்து பலருடைய தலையெழுத்தைப் படித்த களைப்பு இருந்தது. ஒரு பக்கம் லிஃப்ட் மெக்கானிக் நின்றான். அண்ணி உள்ளே வரவில்லை. குழாயை மட்டும் செயலாளரிடம் கொடுத்துவிட்டுத் திறந்த கதவோரமாக நின்றாள்.

செயலாளர் படத்தை விரித்து, நான்கு மூலைக்கும் பேப்பர் வெயிட் வைத்து, ஒரு சொற்பொழிவு ஆற்றினார். லென்ஸ் என்றார், நிறப்பிரிகை என்றார், கணினி பொய் சொல்லாது என்றார். அதிகாரி அவர் மூச்சு வாங்கும் வரை காத்திருந்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னவள் பக்கம் திரும்பினார்.

"இது நீங்க செஞ்சதுதானே?"

"ஆமா."

"பச்சை விளக்குக்கு இப்படிச் சிவப்பு ஓரம் வரும்னு சொல்றீங்க."

கதவோரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அண்ணி கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்தது.

எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையைத் தேடும் பெண் சின்னவள். சபையில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. இப்போதும் வரவில்லை. ஒரு வார்த்தைதான் வந்தது.

"தப்பு."

செயலாளர் இருமினார். பாப்பா பதற்றத்தில் இருக்கிறாள் என்றார். சின்னவள் தலையை ஆட்டினாள். தான் எதை முன்னால் வைத்தாள், எதைப் பின்னால் வைக்க வேண்டியிருந்தது என்பதைச் சொன்னாள். சலித்த பிறகு அரைத்துவிட்டேன் என்று சொன்னது அதிகாரிக்குப் புரிந்தது. காலையில் எடுத்த சிவப்பு விளக்குப் படத்தைப் போனில் திறந்து அச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிகாரி இரண்டையும் பார்த்தார். குழந்தை இருந்த அசல் புகைப்படத்தையும் பார்த்தார். ரோஜா நிறம் கலந்த இடத்தில் பேனா முனை நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் சுவரோடு சரிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சி சொல்றதைக் கேட்டீங்க. இப்பவும் பச்சையைத்தான் பாத்தீங்களா?"

அண்ணன் மேஜையருகே வந்தான். பேப்பர் வெயிட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டுப் படத்தைத் தூக்கினான். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தான். மூக்குக்கு அருகே கொண்டுவந்தான். தங்கையின் போனையும் எடுத்து அதே மாதிரி பார்த்தான்.

"மேடம், இது பச்சைக்குப் போட்டதுங்கறா. இது சிவப்புக்குப் போட்டதுங்கறா. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

சின்னவளுக்கு வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதையேதான் சொன்னான். அன்றைக்கு வீடே சிரித்தது.

"ரோட்டுலயும் எனக்கு இப்படித்தான் தெரியுது," என்றான் அண்ணன். படத்திலிருந்த மங்கல் வட்டத்தின் மேல் விரலை வைத்தான். "பொழுது சாஞ்சா எல்லா விளக்கும் தட்டுத் தட்டா விரிஞ்சுடும். சுத்தி வானவில் மாதிரி வளையம். அதுக்குள்ள எது சிவப்பு, எது பச்சைன்னு நான் தேடணும். அன்னிக்குத் தேடினேன். கிடைக்கல. பக்கத்து வண்டி நகர்ற மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

செயலாளர் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார் அதிகாரி.

அண்ணன் படத்தின் ஓரத்தை நீவினான்.

"அன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல்கூட இல்லாம ஓட்டியிருக்கீங்க. சாயங்கால நடை. கண்ணு தெரியாம எப்படி ஓட்டினீங்க?"

அண்ணன் படத்தைச் சுருட்டினான். அவன் பார்வை கதவுக்குப் போய்த் திரும்பியது. அதிகாரி அதைப் பின்தொடர்ந்தார்.

அண்ணி கண்ணைத் திறந்திருந்தாள். யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். பேருந்தில் அவன் பின்னால் உட்கார்ந்து பேசுவாளே, அதே சன்னக் குரல்.

"நான் சொல்லிடுவேன்."

"என்ன சொல்லிடுவீங்க?"

"சிவப்பு வருது, மெதுவா. பச்சை விழுந்துடுச்சு, எடுங்க. இடது பக்கம் சைக்கிள். எல்லாம் சொல்லிடுவேன். நான் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது."

நடத்துனரின் கேலி, அண்ணி சிரிக்காத முகம், அடுப்பைப் பார்க்க எழுந்துபோன அந்தச் சாயங்காலம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னவளின் முன்னால் துலங்கி நின்றன. எதுவும் மங்கலாக இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "விபத்து நடந்த அன்னிக்கு நீங்க வண்டியில இல்லையேம்மா. ஏன் போகல?"

அண்ணி மெல்லத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

தினமும்தான் அண்ணன்கூட ஊர்வலம் போறீங்க, இன்னிக்கு ஒரு நாள் என்கூட வாங்க அண்ணி என்று விபத்தன்று போனில் கெஞ்சியது சின்னவளின் காதிலேயே கேட்டது. வேண்டாம், இன்னொரு நாள் போகலாம் என்று அண்ணி பல தடவை சொன்னாள். காரணம் சொல்லவில்லை. ரொம்பத்தான் பிகு பண்றீங்க என்று இவள் கோபித்துக்கொண்டபோது, சரி வரேன் என்றாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

சின்னவள் தன் கால்களை, அவற்றில் கிடந்த புதுச் செருப்போடு, நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.